நாலு ஸ்க்ரூவா, ஒரு ‘டக்’கா: பிளாஸ்டிக் பெட்டியை மூட எது தோது?

மொட்டைமாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் சின்ன கண்ட்ரோலர் பெட்டியை அம்பத்தூர் எஸ்டேட்டில் செய்கிறோம். காசு கொடுத்து வாங்கிய லாரித் தண்ணீர் தொட்டியிலிருந்து வழிவதைப் பார்த்துக்கொண்டிருக்கச் சென்னையில் யாருக்கும் மனசு வராது. அதனால் இந்தச் சாமானுக்கு எப்போதும் கிராக்கிதான். உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு, மோட்டாரை ஆன்-ஆஃப் செய்யும் ரிலே, ஒயர் மாட்டும் கனெக்டர். மேலே ஒரு மூடி. அந்த மூடியை எப்படி மூடுவது என்பதில்தான் எங்களுக்கு மூன்று வருஷம் போயிற்று.

முதல் மாடலில் நாலு மூலைக்கு நாலு ஸ்க்ரூ. ஒருநாள் பெரம்பூரில் ஒரு வீட்டில் எலெக்ட்ரீஷியன் அண்ணன் அதை மாட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஸ்டூல் மேல் ஏறி நின்று, ஒரு கையில் மூடி, ஒரு கையில் டெஸ்டர். கழற்றிய நாலு ஸ்க்ரூவும் அவர் வாயில். ஏதோ கேட்டேன், “ம்ம்” என்றார். மூன்றாவது ஸ்க்ரூ சம்ப் மூடியின் சந்தில் விழுந்து போனது. மூன்று ஸ்க்ரூவோடு மூடிவிட்டு இறங்கியவர், “பரவால்ல சார், புடிச்சிக்கும்” என்றார்.

ஸ்க்ரூ வேண்டாம் என்று சொல்வதற்குப் புத்தகத்தில் வலுவான காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் ஜெஃப்ரி பூத்ராய்டு, பீட்டர் டியூஹர்ஸ்ட் என்ற இருவர், ஒரு பொருளைச் சேர்த்துப் பூட்டுவதை எளிதாக்க டிசைனிலேயே என்ன செய்யலாம் என்று கணக்கு வகுத்தார்கள். 1991-ல் அந்நாட்டின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அதற்காகவே கிடைத்தது. ஒவ்வொரு உதிரியையும் பார்த்து மூன்று கேள்வி கேட்கச் சொல்கிறார்கள். மற்ற பாகங்களை ஒட்டி இது அசைய வேண்டுமா? வேறு உலோகத்திலோ பிளாஸ்டிக்கிலோதான் இருந்தாக வேண்டுமா? இதைத் தனியாக வைக்காவிட்டால் மற்ற பாகங்களை மாட்டவோ கழற்றவோ முடியாதா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால், அந்த உதிரியைப் பக்கத்துப் பாகத்தோடு சேர்த்துவிடலாமா என்று யோசிக்க வேண்டும். மூடி ஸ்க்ரூ இந்தப் பரீட்சையில் தேறவே தேறாது.

எங்கள் லைனில் கையில் கடிகாரத்தோடு நின்று எண்ணினேன். டப்பாவிலிருந்து ஒரு ஸ்க்ரூ எடுத்து, ஓட்டையில் நிறுத்தி, எலெக்ட்ரிக் டிரைவரால் இறக்க ஆறு விநாடி. நாலுக்கு 24. ஒரு நாளைக்கு 500 பெட்டி என்றால் 3 மணி 20 நிமிஷம் வெறும் ஸ்க்ரூ முடுக்கவே போகிறது. ஸ்க்ரூவின் விலை ஒரு ரூபாய்கூட வராது. அதை இறக்கும் கைக்குத்தான் சம்பளம்.

சரி, லாக்குக்குப் போனோம். மூடியின் உள்பக்கம் நாலு பிளாஸ்டிக் நாக்கு, நுனியில் சின்னக் கொக்கி. மேலிருந்து ஒரு அழுத்து, ‘டக்’. இரண்டு விநாடி. அதே 500 பெட்டிக்குப் பதினேழு நிமிஷம்கூட ஆகாது. லைனில் எல்லோருக்கும் ஒரே குஷி.

ஆனால் லாக் என்பது பார்ப்பதற்குத்தான் சாது. நாக்கு வளைந்து கொடுக்கிறபோது அதன் வேர் எவ்வளவு இழுபடுகிறது என்பதுதான் விஷயம். கொக்கியின் ஆழத்தை நாக்கின் தடிமனால் பெருக்கி, ஒன்றரையால் பெருக்கி, நீளத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அந்த இழுப்பு கிடைக்கும். எங்கள் நாக்கு 10 மி.மீ. நீளம், 2 மி.மீ. தடிமன், கொக்கி 1 மி.மீ. கணக்கு 3 சதவீதம் என்றது. ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் நல்லதாக இருந்தால் அதை ஒன்றிரண்டு தடவை தாங்கிக்கொள்ளும். ஆனால் கரண்ட் ஓடும் பெட்டிக்கு நாங்கள் போடுவது சட்டென்று தீப்பிடிக்காத எஃப்.ஆர். ரகம். அது சாதாரண ஏபிஎஸ்ஸைவிட நொறுங்கும் குணம் உள்ளது. போதாக்குறைக்கு, மோல்டிங் போட்டுக் கொடுத்தவர் ரன்னரையும் (அச்சுக்குப் பிளாஸ்டிக் ஓடிவரும் வாய்க்காலில் உறைந்த மிச்சம்) ரிஜெக்ட் ஆன பெட்டிகளையும் அரைத்துப் புதுக் குருணையோடு கலந்திருந்தார். எவ்வளவு என்று கேட்டால், “கொஞ்சம்தான் சார்.” ஒவ்வொரு தடவை அரைத்து உருக்கும்போதும் பிளாஸ்டிக்கின் உறுதி இறங்கும். லைனில் ‘டக்’ என்று மூடிய மூடிகள், வீட்டில் எலெக்ட்ரீஷியன் டெஸ்டரை விட்டு நெம்பியதும் ‘டிக்’ என்றன. நாக்கு ஒடிந்த மூடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? செல்லோடேப் சுற்றித் திரும்பி வந்த பெட்டிகளை இன்னும் வைத்திருக்கிறேன்.

நாக்கை 15 மி.மீ. ஆக்கியிருந்தால் இழுப்பு 1.33 சதவீதமாக இறங்கியிருக்கும். நீளத்தைப் பாதியளவு கூட்டினால் சிரமம் பாதிக்கும் கீழே போகிறது. ஆனால் பெட்டிக்குள் அவ்வளவு நீள நாக்குக்கு இடமில்லை. இடத்தை முதலிலேயே ஒதுக்கியிருக்க வேண்டும். போர்டை வரைந்து முடித்தபின் மூடியைப் பற்றி யோசித்தது எங்கள் தப்பு.

மோல்டுச் செலவும் இருக்கிறது. கொக்கி என்றால் அச்சில் ஒரு உள்வெட்டு, அச்சு நேராகத் திறக்கும்போது பாகம் அதில் மாட்டிக்கொள்ளும். அதை விடுவிக்கப் பக்கவாட்டில் நகரும் சைடு கோர் வேண்டும்; அது வந்தால் மோல்டு விலை ஏறும், பராமரிப்பும் கூடும். அதைத் தவிர்க்க ஒரு பழைய யுக்தி உண்டு. கொக்கிக்கு நேராகப் பெட்டியில் ஒரு ஜன்னல் விட்டுவிட்டால், மோல்டின் இரண்டு பாதியே அந்த வேலையை முடித்துவிடும். நாங்களும் விட்டோம். வேளச்சேரியிலிருந்து வந்த ஒரு பெட்டியில் ரிலேவுக்கு அடியில் எறும்புக் கூடு. இன்னொன்றில் காய்ந்துபோன பல்லிக்குட்டி. ஜன்னல் விட்டால் குடித்தனம் வராமலா இருக்கும்?

அப்புறம் அல்ட்ராசானிக் வெல்டிங். விநாடிக்கு 20,000 தடவை அதிரும் ஒரு உலோக முனை மூடியை அழுத்தும். மூடியின் ஓரத்தில் மெல்லிய முக்கோண வரப்பு ஒன்று விட்டிருப்போம். உரசிய சூட்டில் அது உருகி இரண்டையும் ஒன்றாக்கும். பெரும்பாலும் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும். போன் சார்ஜர்கள் பல இப்படித்தான் மூடப்படுகின்றன. எறும்பு நுழையாது, ஸ்க்ரூ இல்லை, துருவும் இல்லை. பெட்டியும் மூடியும் ஒரே வகை பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். ஏபிஎஸ்ஸும் பிபி எனப்படும் பாலிப்ரொப்பிலீனும் சேராது. மெஷினுக்கும் நம் பெட்டியின் அளவுக்குச் செய்யும் முனைக்கும் முதலீடு வேண்டும். லட்சக்கணக்கில் ஓடும் சரக்குக்கு அது பெரிய விஷயமே இல்லை. 1983-ல் வந்த ஸ்வாட்ச் கைக்கடிகாரத்தில் மொத்தம் 51 பாகம்தான், கண்ணாடியை வெல்டிங் செய்து மூடிவிட்டார்கள். கெட்டால் ரிப்பேர் கிடையாது. அந்தக் கடிகாரத்தின் கணக்கு அது.

எங்கள் கணக்கு வேறு. எங்கள் பெட்டியை ஃபேக்டரி கடைசியாக மூடுவதில்லை, எலெக்ட்ரீஷியன்தான் மூடுகிறார். ஒயர் மாட்ட ஒருமுறை, ரிலே கெட்டுப்போனால் இன்னொருமுறை அதைத் திறந்தாக வேண்டும். எனவே வெல்டிங்கை அரை மணி நேரத்தில் ஒதுக்கினோம். பசையைப் பற்றிப் பேசவே வேண்டாம். காயும்வரை லைன் முழுக்கப் பெட்டி அடுக்கி வைக்க எங்களிடம் இடமில்லை.

வாயில் ஸ்க்ரூ கவ்வும் அண்ணனிடமே மறுபடி போனேன். ஸ்க்ரூவுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அதை அவர்தான் காட்டினார். பிளாஸ்டிக்கில் தானே மரை வெட்டிக்கொண்டு இறங்கும் ஸ்க்ரூவைத் திரும்பப் போடும்போது அவர் நேரே முடுக்குவதில்லை. முதலில் இடதுபக்கம் மெல்லத் திருப்புகிறார். பழைய மரையின் வாயில் ‘டப்’ என்று அது இறங்குவது விரலுக்குத் தெரிகிறது. அதன்பிறகுதான் வலதுபக்கம். இப்படிச் செய்தால் பத்து தடவை கழற்றினாலும் மரை தேயாது என்கிறார். நேரே முடுக்கினால் ஒவ்வொரு தடவையும் புது மரை வெட்டி, ஸ்க்ரூ இறங்கும் பிளாஸ்டிக் குழல் சீக்கிரமே பொக்கையாகிவிடும். ஆக, கை தெரிந்தவரிடம் ஸ்க்ரூ பல வருஷம் உழைக்கும். ஒடிந்த லாக்கை எந்தக் கையாலும் மீட்க முடியாது. திருவான்மியூர் பக்கம் கடல்காற்றில் சாதாரண ஸ்க்ரூ துருப்பிடித்துத் தலை வழுக்கும் என்பது நிஜம்தான். ஸ்டெயின்லெஸ் போட்டால் அந்தத் தலைவலி போயிற்று.

இப்போது போகும் மாடலில் மூடியின் மேல்பக்கம் இரண்டு தடித்த கொம்புகள். அவை வளைவதே இல்லை, பெட்டியின் விளிம்புக்குள் இருக்கும் பள்ளத்தில் சாய்த்துச் செருகினால் போதும். ஜன்னலும் இல்லை. கீழே நடுவில் ஒரே ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ. சாய்த்துச் செருகி முடுக்க லைனில் ஒன்பது விநாடி ஆகிறது, லாக்கைவிட ஏழு அதிகம். முழுசாகக் கழற்றினாலும் ஸ்க்ரூ மூடியை விட்டு விழாதபடி கழுத்தில் ஒரு நைலான் வாஷர் போட்டிருக்கிறோம். பூத்ராய்டு கணக்கில் அந்த வாஷரும் தேறாத உதிரிதான்.

போன மாதம் வில்லிவாக்கத்தில் அதே அண்ணன் இந்த மாடலை மாட்டினார். வாய் சும்மா இருந்ததால், மாட்டி முடிக்கும்வரை போனில் அடுத்த வீட்டு வேலைக்கு ரேட் பேசிக்கொண்டிருந்தார்.