பெரிய மரக் கிண்ணங்களுக்கு எந்த லேத் சக்? தாடையைப் பார்த்து வாங்குங்கள்

மரம் கடையும் லேத்தில் கட்டையைத் தாடைகளால் கவ்விப் பிடித்துச் சுழற்றும் கருவிதான் சக். 300 மி.மீ. விட்டத்துக்குள் கிண்ணம் கடைகிறவருக்கு நல்ல நான்கு தாடை சக் எதுவானாலும் போதும். இந்த மதிப்புரை அவருக்குத் தேவைப்படாது. விட்டம் 350, 400 மி.மீ. என்று ஏறத் தொடங்கும்போதுதான் சக்கின் பலமும் பலவீனமும் வெளியே தெரிகின்றன. பல ஆண்டுகள் 100 மி.மீ. உடல் கொண்ட சக் ஒன்றில் வேலை செய்துவிட்டு, ஆஸ்திரேலியத் தயாரிப்பான விக்மார்க் விஎம்120-க்கு மாறியவன் நான். பெயரிலேயே இருப்பது போல அதன் உடல் விட்டம் 120 மி.மீ. மாறியதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எனக்குக் கிடைத்த நன்மையில் பெரும்பங்கு அந்த உடலால் வந்ததன்று, அதில் பொருத்திய தாடைகளால் வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சக்கிடம் நாம் எதிர்பார்க்கும் வேலை எவ்வளவு கடுமையானது என்பதற்கு ஒரு கணக்கு. 400 மி.மீ. விட்டமும் 150 மி.மீ. தடிமனும் உள்ள பச்சை மரக்கட்டையை எடுத்துக்கொள்வோம். புதிதாக வெட்டிய பல மரங்கள் ஏறத்தாழத் தண்ணீரின் எடையை நெருங்குவதால், அந்தக் கட்டை 19 கிலோ வரை இருக்கலாம். அது நிமிடத்துக்கு 500 சுற்று சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு 38 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுற்றுகளால் பெருக்கினால் 6,000-க்கும் 9,000-க்கும் இடையில் வர வேண்டும் என்று கடைசல்காரர்கள் வைத்திருக்கும் வழக்கக் கணக்கின்படி, 16 அங்குலக் கட்டைக்கு 375 முதல் 560 சுற்றுகள் வரைதான் இடமுண்டு. இவ்வளவு எடையையும் வேகத்தையும் கிண்ணத்தின் அடியில் நாம் விட்டுவைக்கும் ஒரு சிறிய வட்ட மேடு, அதாவது கழுந்து, தாங்க வேண்டியிருக்கிறது. கழுந்து 50 மி.மீ. என்றால் விளிம்பில் உளி சிக்கும்போது நெம்புவிகிதம் எட்டுக்கு ஒன்று, 100 மி.மீ. என்றால் நான்குக்கு ஒன்று. அதோடு முறிய வேண்டிய மரத்தின் பரப்பும் நான்கு மடங்காகிவிடுகிறது. கழுந்து கிண்ண விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

இதை நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். பழைய சக்கில் 380 மி.மீ. கிண்ணம் ஒன்றை, கடையிலிருந்து வந்தபடியே இருந்த 50 மி.மீ. தாடைகளை விரித்து, 65 மி.மீ. கழுந்தில் பிடித்து உள்பக்கம் குடைந்துகொண்டிருந்தேன். விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே உளி சிக்கியது. கிண்ணம் தாடையை விட்டுக் கிளம்பி, எதிர்ச்சுவரில் மோதி விழுந்தது. நான் ஒதுங்கி நின்றிருந்ததால் தப்பித்தேன். லேத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது, தாடைகளுக்குள் கழுந்து அப்படியே சிக்கிக்கொண்டிருந்தது. மரநாரின் போக்கிலேயே தட்டையாகப் பிளந்திருந்தது. அதைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோதுதான் இரண்டு தவறுகளும் புலப்பட்டன. முதலாவது, பக்கச் சுவரில் சீரான பிடிப்புத் தடம் எங்குமில்லை; அதற்குப் பதிலாக எட்டு இடங்களில் நகத்தால் கீறியது போன்ற ஆழமான வடுக்கள். இரண்டாவது, கழுந்தின் அடிமுகத்தில் பளபளப்பான ஒரு வளையம். அது சக்கின் அடியைத் தொட்டுத் தேய்ந்த அடையாளம். கழுந்தின் உயரம் தாடையின் ஆழத்தை விட அதிகமாக இருந்ததால், கழுந்தைச் சுற்றியுள்ள கிண்ணத்தின் தோள்பகுதி தாடையின் மேல்முகத்தில் அமராமல், ஒரு காகிதத் தடிமனுக்கு அந்தரத்தில் நின்றிருக்கிறது. பெரிய கிண்ணத்தை ஆடாமல் நிறுத்துவதே அந்தத் தோள்தான்; கழுந்து அதைக் கீழே இழுத்துப் பிடித்திருந்தால் போதும்.

எட்டு வடுக்கள் எப்படி வந்தன என்று புரிந்துகொண்டால் தாடை வாங்கும் கலை பாதி கைவந்தது போல. நான்கு தாடைகளையும் ஒரே எஃகு வளையத்தைக் கடைந்து, பிறகு நான்காக அறுத்துச் செய்கிறார்கள். எனவே தாடைகளுக்கு இடையே அறுப்பின் அகலமான சில மில்லிமீட்டர் இடைவெளி மட்டும் இருக்கும் நிலையில்தான் அவை முழு வட்டமாகின்றன. கழுந்து அந்த வட்டத்தை விடப் பெரிதாக இருந்தால் ஒவ்வொரு தாடையும் தன் இரு முனைகளால் மட்டும் மரத்தைக் கவ்வும். சிறிதாக இருந்தால் நடுப்புள்ளியில் மட்டும் தொடும். இரண்டிலும் மரம் முழுச் சுற்றிலும் தாங்கப்படுவதில்லை. ஒரு தாடை எந்த அளவு முதல் எந்த அளவு வரை பிடிக்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களைப் பார்த்து மகிழ்வதை விட, அதன் முழு வட்ட அளவு என்ன என்று கேட்டு வாங்குவதே அறிவுடைமை.

பச்சை மரத்தை முதலில் தடிமனாகக் கடைந்து, காயவைத்து, பிறகு மறுமுறை கடைகிறவர்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. மரம் நாரின் நீளப்போக்கில் ஏறத்தாழச் சுருங்குவதே இல்லை. குறுக்குப்போக்கில் மரத்தைப் பொறுத்து 5 முதல் 8 சதவீதம் வரை சுருங்கலாம். ஆகவே 130 மி.மீ. வட்டக் கழுந்து காய்ந்தபின் 130-க்கு 121 என்ற முட்டை வடிவமாகிவிடக்கூடும். அதை மறுபடி வட்டமாக்கினால் 120 மி.மீ.தான் மிஞ்சும். நான் தாடையின் முழு வட்டத்தை இந்த இரண்டாவது அளவுக்குப் பொருந்துமாறு தேர்ந்தெடுக்கிறேன். ஈர மரத்தில் முனைகள் சற்று ஆழமாகப் பதிந்தாலும் பாதகமில்லை, அந்தத் தடத்தை எப்படியும் கடைந்து எடுத்துவிடப் போகிறோம். இறுதிக் கடைசலில்தான் பிடிப்பு சுத்தமாக இருக்க வேண்டும். ஈர மரம் அழுத்தத்தில் தளர்ந்து கொடுக்கும் என்பதால் சற்று நேரத்துக்கு ஒருமுறை சக்கின் சாவியைப் போட்டு இறுக்கிப் பார்ப்பதும், கட்டையை எதிர்முனையிலிருந்து தாங்கும் டெயில்ஸ்டாக்கை முடிந்தவரை விலக்காமல் வைத்திருப்பதும் அவசியம்.

விஎம்120-இன் தாடைகள் சரிந்த உட்சுவர் கொண்டவை. கழுந்தையும் அதே சரிவில் கடைந்தால் இறுக்கும்போது ஆப்புப் போலக் கிண்ணத்தைத் தோளை நோக்கி இழுத்துக்கொள்கின்றன. கனடாவின் ஒன்வே ஸ்ட்ராங்ஹோல்ட் சக்கின் தாடைகள் வேறு வகை; நேர்ச்சுவர்க் கழுந்தைக் கவ்வும்படி அவற்றின் உட்புறம் அமைந்திருக்கிறது. எது மேல் என்ற வாதத்தில் எனக்கு ஆர்வமில்லை, இரண்டும் பெரிய கிண்ணத்தை நிச்சயமாகத் தாங்கும். ஒன்றுக்காகக் கடைந்த கழுந்தை மற்றதில் மாட்டினால்தான் வம்பு. சரிந்த கழுந்து நேர்த்தாடையில் ஒரு மெல்லிய விளிம்பில் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். பட்டறையில் இரண்டு வகைத் தாடைகளையும் கலந்து வைத்திருப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கிண்ணத்தின் அடியில் குழி தோண்டி, தாடைகளை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் முறையையும் விஎம்120 ஏற்கும்; ஆனால் விரியும் தாடை மரத்தைப் பிளக்கவே முயல்கிறது என்பதால், குழியைச் சுற்றி அகலமான மரம் மிஞ்சும் தட்டையான கிண்ணங்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்கிறேன்.

உடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 100 மி.மீ. சக்கில் பெரிய தாடையை மாட்டலாம், நானும் மாட்டியிருக்கிறேன். ஆனால் தாடையைத் தாங்கும் நகர்கட்டைகள் குட்டையாக இருப்பதால், விரிய விரிய அவற்றை நகர்த்தும் சுருள் தட்டில் அவற்றின் பற்கள் ஒன்றிரண்டு மட்டுமே கவ்வியிருக்கும். 120 மி.மீ. உடலில் அந்தக் கவ்வல் நீளமானது, இறுக்கும்போது கைக்கே அந்த வித்தியாசம் தெரியும். மரத்தூள் சுருளுக்குள் எளிதில் புகாதபடி பின்புறம் மூடியிருப்பதும் ஈர மரம் கடைகிறவருக்குச் சிறிய விஷயமன்று. இதற்கு முன் மலிவாகக் கிடைத்ததே என்று நான் வாங்கிய, பெயர் சொல்ல விரும்பாத ஒரு சக்கில், ஆறே மாதத்தில் சுருள் முழுவதும் தூள் அடைத்து, சாவி பாதிச் சுற்று வெறுமனே சுற்றிய பிறகே தாடை அசையத் தொடங்கியது. தாடையைப் பிடிக்கும் திருகுகளில் இரண்டின் மரை தேய்ந்தும் போயிற்று. இரும்பு வேலைக்கான மூன்று தாடை சக்கை மாட்டிச் சமாளிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: வேண்டாம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அதன் கூரிய தாடைகள் மரத்தை நசுக்கும், கைவிரலையும் விட்டுவைக்காது.

வாங்கும்போது லேத்தின் சுழலும் தண்டான ஸ்பிண்டிலில் நேரடியாக ஏறும்படி மரை வெட்டிய சக்கையே கேளுங்கள். லேத்துக்கு ஏற்ற மரை கொண்ட மாற்றுச் செருகல் வைத்த சக் பல லேத்துகளுக்குப் பொருந்தும் என்பது உண்மைதான். ஆனால் செருகல் ஓர் இணைப்பைக் கூடுதலாக்குகிறது, பெரிய கட்டையை நம்பி மாட்டும் இடத்தில் இணைப்புகள் குறைவாக இருப்பதே நல்லது. மரை அளவில் குழப்பம் வேண்டாம்: மெட்ரிக் 33×3.5 (33 மி.மீ. விட்டம், 3.5 மி.மீ. மரை இடைவெளி) என்பதும், அங்குலத்துக்கு எட்டு மரை கொண்ட ஒன்றேகால் அங்குலம், அதாவது 31.75 மி.மீ., என்பதும் கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும், ஆனால் ஒன்றுக்கொன்று பொருந்தாது. சக்கின் பின்முகம் ஸ்பிண்டிலின் தோளில் முழுமையாக உட்கார வேண்டும். லேத்தை எதிர்த்திசையில் ஓட்டும் பழக்கமிருந்தால் சக் கழன்றுவிடாமல் பூட்டும் திருகு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விஎம்120-க்குக் குறைகளும் உண்டு. எடை மூன்று கிலோவுக்கு மேல் என்பதால் சிறிய மேசை லேத்தின் பேரிங்குக்கு இது வீண் பாரம். தாடை மாற்ற எட்டுத் திருகுகளைக் கழற்றி மாட்ட வேண்டும். தாடைகளின் எண் வரிசையை மாற்றிப் போட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பெரிய தாடைகளைத் தனியாக வாங்க வேண்டியிருப்பதும், அவற்றின் செலவு சேர்ந்து சக்கின் விலையை எட்டிப்பிடிப்பதும் பலரைத் தயங்க வைக்கும். கிண்ணத்தைத் திருப்பி அடியைச் சீராக்க உதவும் ரப்பர் முளைகள் கொண்ட அகலத் தாடைகளை நான் பெரிய கிண்ணத்துக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அவை குறைந்த வேகத்தில் மெல்லிய வேலைக்கு மட்டுமே.

இப்போது மாட்டும் முறை எனக்கு மாறாத பழக்கமாகிவிட்டது. கரடுமுரடான கட்டையின் வெளிப்பக்கத்தை ஸ்பிண்டிலில் ஏறும் தட்டையான உலோகத் தட்டான ஃபேஸ்பிளேட்டில் நீளமான திருகுகளால் பிடித்துக் கடைந்து, கழுந்தை தாடையின் ஆழத்தை விட இரண்டு மி.மீ. குறைவாக விடுகிறேன். சக்கில் ஏற்றியதும் இரண்டு சாவித்துளைகளிலும் மாற்றி மாற்றி இறுக்கிவிட்டு, தோளுக்கும் தாடை முகத்துக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை நான்கு பக்கமும் நுழைத்துப் பார்க்கிறேன். எங்காவது உள்ளே போனால் கழற்றி, கழுந்தைத் திருத்திய பிறகே லேத்தை ஓட்டுகிறேன்.

ஏற்கெனவே தரமான 100 மி.மீ. சக் வைத்திருந்து, 350 மி.மீ. கிண்ணம் எப்போதாவது ஒன்று கடைகிறவர் புதிய உடல் வாங்க வேண்டாம். அதற்குப் பொருந்தும் 100 மி.மீ. முழு வட்டத் தாடை ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ளட்டும். வாரந்தோறும் 400 மி.மீ. கட்டையைத் தூக்கி வைப்பவருக்கு, நேரடி மரை வெட்டிய 120 மி.மீ. சக்கும் 120 மி.மீ.யை ஒட்டிய முழு வட்டத் தாடையும் சேர்ந்தே வர வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாவிட்டால் தாடைக்கும் சேர்த்துப் பணம் திரளும் வரை ஃபேஸ்பிளேட்டிலேயே வேலையை ஓட்டலாம்.