உயிரியலோடு தடய அறிவியல்: பட்டம் பெற்று 8 ஆண்டுகளுக்குப் பின்

பட்டம் வாங்கி 8 ஆண்டுகள் ஆகின்றன. முதல் 2 ஆண்டுகள் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன். அதன்பிறகு இன்றுவரை டிஎன்ஏ ஆய்வகத்தில் வேலை. உயிரியலையும் தடய அறிவியலையும் சேர்த்துப் படிக்கலாமா என்று மாணவர்கள் கேட்கும்போது ஒரு வரியில் பதில் சொல்ல வருவதில்லை. அதனால் நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

முதலாம் ஆண்டு பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். எங்களுக்கும் அப்படித்தான். செல் உயிரியல், கரிம வேதியியல், மரபியல், புள்ளியியல் என்றே நாட்கள் போயின. தடயம் என்ற சொல் வாரத்தில் ஒரு வகுப்பில்தான் காதில் விழும். சிலர் துறை மாறிப் போய்விட்டார்கள். நான் இருந்துவிட்டேன், ஆனால் பொறுமை இல்லாமல்தான் இருந்தேன். அந்த ஆண்டின் அருமை வேலைக்கு வந்தபிறகு புரிந்தது. ரத்தக் கறையிலிருந்து டிஎன்ஏ எடுக்கிறோம் என்கிறோம். மனிதனின் முதிர்ந்த சிவப்பணுவுக்கோ உட்கருவே கிடையாது, எடுப்பதெல்லாம் வெள்ளையணுவிலிருந்து. வேர் இல்லாத முடி வந்தால் பெரும்பாலும், உட்கருவுக்கு வெளியே செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் டிஎன்ஏதான் கைகொடுக்கும். அது தாய்வழி வருவது, ஆகவே அதை மட்டும் வைத்து ஒரு தாயின் பிள்ளைகளைப் பிரித்துச் சொல்ல முடியாது. கருவியை இயக்க யார் வேண்டுமானாலும் சில மாதங்களில் பழகிக்கொள்ளலாம். வந்த முடிவு ஏன் இப்படி வந்தது என்று யோசிப்பதற்கு அந்த முதலாம் ஆண்டுப் பாடங்கள் வேண்டும்.

இரண்டாம் ஆண்டில் நடந்த ஒரு செய்முறை வகுப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை. கறையில் ரத்தம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கும் கேஸ்ல்-மேயர் சோதனை. கறையை வடிதாளில் ஒற்றி எடுத்து, ஒரு சொட்டு ஆல்கஹால், பிறகு ஃபினால்ஃப்தலீன் கரைசல், கடைசியாக ஹைட்ரஜன் பெராக்சைடு. பெராக்சைடு விட்டதும் இளஞ்சிவப்பு தோன்ற வேண்டும். அதற்கு முன்பே நிறம் வந்தால் அந்தச் சோதனை செல்லாது. எனக்குக் கொடுத்த மாதிரியில் எல்லாம் முறைப்படி நடந்து அழகாக நிறம் வந்தது. ரெக்கார்ட் நோட்டில் 'ரத்தம்' என்று எழுதினேன். ஆசிரியர் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, 'ரத்தமாக இருக்கலாம், உறுதிப்படுத்தும் சோதனை தேவை' என்று எழுதினார். அவர் கொடுத்திருந்தது குதிரைமுள்ளங்கிச் சாறு. அதிலுள்ள பெராக்சிடேஸ் நொதியும் ஹீமோகுளோபின் செய்யும் அதே வேலையைச் செய்துவிடும். கையிலிருக்கும் சோதனை எதுவரை பேச அனுமதிக்கிறதோ அதுவரைதான் பேச வேண்டும். இந்தப் படிப்பு எனக்குக் கற்றுத்தந்தது என்று ஒன்றைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பூச்சியியல் பாடத்தை நான் பயந்துகொண்டே எடுத்தேன். கடைசியில் மிகவும் பிடித்துப்போனது அதுதான். ஈக்கள் இறந்த உடலைத் தேடி வந்து முட்டையிடுவதை வைத்துக் காலத்தைக் கணக்கிடும் பாடம் அது. சீனாவில் 1247இல் எழுதப்பட்ட ஒரு பிண ஆய்வு நூலிலேயே, துடைத்து வைத்த அரிவாளில் ஈ மொய்த்ததைக் கொண்டு கொலையாளியைக் கண்டுபிடித்த செய்தி வருகிறது. நாங்கள் பன்றி உடலை வேலியடைத்த இடத்தில் வைத்து, தினமும் இரண்டு வேளை வெப்பநிலை குறித்து, புழு எடுத்து வந்தோம். நாற்றம் முதல் நாலு நாள் தாங்க முடியாது, அப்புறம் மூக்கு பழகிவிடும். புழுவின் பின்முனையில் மூச்சுத்துளைகள் இருக்கும். நுண்ணோக்கியில் அவற்றின் கீற்றுகளை எண்ண வேண்டும்: இரண்டு கீற்று என்றால் புழு வளர்ச்சியின் இரண்டாம் பருவம், மூன்று என்றால் மூன்றாம் பருவம். சேகரித்ததில் ஒரு பங்கைச் சுடுநீரில் கொன்று ஆல்கஹாலில் இட வேண்டும். உயிரோடு ஆல்கஹாலில் போட்டால் சுருங்கிக் கருத்துவிடும், நீளம் அளக்க உதவாது. இன்னொரு பங்கை ஈயாகும்வரை வளர்க்க வேண்டும், அப்போதுதான் இனம் உறுதியாகும். இவ்வளவும் செய்தபின் கிடைப்பது இறந்த நேரம் அல்ல. ஈ முட்டையிட்டு குறைந்தபட்சம் எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்பதுதான். மூடிய அறைக்குள் ஈ நுழையத் தாமதமாகியிருந்தால் கணக்கும் அந்த அளவுக்குப் பிந்தும். முள்ளங்கிச் சாறு சொன்ன அதே பாடம்தான், வேறு வடிவில்.

டிஎன்ஏ பகுதி நான் எதிர்பார்த்ததைவிட ஆழமாக இருந்தது. 1984இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் டிஎன்ஏ ரேகை முறையைக் கண்டறிந்தார். குற்ற வழக்கு ஒன்றில் முதன்முதலாக அது பயன்பட்டபோது, செய்யாத கொலையை ஒப்புக்கொண்டிருந்த ஓர் இளைஞனை விடுவித்தது. உண்மைக் குற்றவாளி 1988இல் தண்டிக்கப்பட்டான். குற்றவாளியைப் பிடிக்கும் அறிவியல் என்று நினைத்துச் சேர்ந்த எனக்கு, நிரபராதியைக் காப்பதும் இதே வேலைதான் என்று அந்த வகுப்பில் உறைத்தது.

மாசு, அதாவது வேறொருவரின் டிஎன்ஏ மாதிரியில் கலந்துவிடுவது, பற்றிய பாடத்தை எவ்வளவு வற்புறுத்தினாலும் போதாது என்பேன். ஜெர்மனியிலும் பக்கத்து நாடுகளிலும் சுமார் 40 குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டிஎன்ஏ கிடைத்து, காவல்துறை பல ஆண்டுகள் அவளைத் தேடியது. 2009இல்தான் தெரிந்தது, அது மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சிகளைப் பொதித்த ஒரு தொழிலாளியின் டிஎன்ஏ. கிருமி நீக்கிய பொருளில் டிஎன்ஏ இருக்காது என்று பொருளில்லை. டிஎன்ஏ ஆய்வகத்தில் சேர்ந்த முதல் ஆண்டு, வெறுமையாக இருக்க வேண்டிய என் கட்டுப்பாட்டுக் குழாயில் ஒரு முழு டிஎன்ஏ விவரம் வந்தது. ஊழியர் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். என்னுடையது. அந்தத் தொகுதி முழுவதையும் மறுபடி செய்தோம். அன்றிலிருந்து முகக்கவசம் போட்டிருந்தாலும் திறந்த குழாய்க்கு மேல் பேசுவதில்லை.

சரி, குறைகளுக்கு வருகிறேன். புள்ளியியல் போதவில்லை, அது பெரிய குறை. தொடர்பில்லாத ஒருவருக்கு இந்த விவரம் பொருந்த வாய்ப்பு 10 லட்சத்தில் 1 என்பதும், இவர் நிரபராதியாக இருக்க வாய்ப்பு 10 லட்சத்தில் 1 என்பதும் ஒன்றல்ல. 1 கோடி பேர் உள்ள ஊரில் சுமார் 10 பேருக்கு அது பொருந்தலாம். இந்த வேறுபாட்டை ஒரே ஒரு வகுப்பில் கடந்துபோனார்கள். மாதிரி நீதிமன்றப் பயிற்சியில் 'கறை எப்போது ஏற்பட்டது?' என்று வழக்கறிஞராக நின்றவர் கேட்டார். நான் திணறி ஏதோ ஊகம் சொன்னேன். டிஎன்ஏ யாருடையது என்று பேசும், எப்போது, எப்படி அங்கே வந்தது என்று பேசாது. தெரியாது என்று தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பயிற்சி மூன்று ஆண்டில் ஒரே முறைதான் நடந்தது. பத்து முறையாவது நடத்த வேண்டும்.

இறுதியாண்டில் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் 2009 அறிக்கையைப் படிக்க வைத்தார்கள். தடயத்தை ஒரு குறிப்பிட்ட ஆளோடு உறுதியாக இணைக்க முடியும் என்று கண்டிப்பான ஆய்வில் நிறுவப்பட்ட முறை, உட்கரு டிஎன்ஏ தவிர வேறெதுவும் இல்லை என்றது அது. கடித்த தடம் முதல் முடி ஒப்பீடு வரை எங்களுக்குக் கற்பித்த பல பாடங்களின் அடித்தளத்தையே கேள்வி கேட்ட அறிக்கை. துறையே தன் குறையை மாணவர் முன் வைத்ததற்காக அந்த ஆசிரியர்கள்மீது எனக்கு இன்றும் மரியாதை.

மனம் தயாராவதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. ஒரு சிறு குழந்தையின் சட்டையைக் காகித உறையிலிருந்து எடுத்து மேசையில் விரித்தபோது, அதைத் தனியாகவே எதிர்கொண்டேன். பல்கலைக்கழகங்கள் இதற்கு ஒரு பாடவேளையாவது ஒதுக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

வேலை விஷயம். தடய ஆய்வகங்களில் இடங்கள் குறைவு. என் வகுப்பில் பாதிக்கு மேல் மருத்துவப் பரிசோதனைக் கூடம், மருந்துத் தரக்கட்டுப்பாடு, ஆசிரியப் பணி என்று போனார்கள். அவர்களுக்கும் கைகொடுத்தது உயிரியல் பாதிதான். நானே உணவுக் கூடத்தில் இறைச்சி எந்த விலங்கினுடையது என்று பிசிஆர் (டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல படிகளாகப் பெருக்கும் முறை) மூலம் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கேயும் எதை எப்போது யாரிடமிருந்து வாங்கினேன் என்று எழுதும் பழக்கம் என்னோடு வந்தது.

சேரும் முன் அந்தத் துறையில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: செய்முறை நேரம் எத்தனை, மூலக்கூறு உயிரியல் முழுப் பாடமாக உண்டா, புள்ளியியல் எத்தனை பருவம். நான் இன்று மறுபடி சேர்வதாக இருந்தாலும் இதே படிப்பில்தான் சேர்வேன். மூன்றாம் ஆண்டு விருப்பப் பாடத்தில் மட்டும் கையெழுத்து ஆய்வை விட்டுவிட்டு, இரண்டாம் நிலைப் புள்ளியியலை எடுப்பேன்.