59ஆம் வருஷத்து மொரிஸ் மைனர் 1000, தலவாக்கலையில எட்டு மாசம் ஓட்டின பிறகு

மொரிஸ் மைனர் மாதிரி பழைய கார் வாங்கப் போறவங்க எல்லாரும் துரு எவ்வளவு, பெயின்ட் எப்படின்னுதான் பாக்கிறாங்க, இந்த மலை ரோட்டுல அத எப்படி ஓட்டுறதுன்னு யாரும் கேக்கிறதில்ல, எனக்கும் யாரும் சொல்லல, அதான் எழுதுறேன்.

சாவியத் திருப்பினா ஸ்டார்ட் ஆகாது. சாவி கரண்ட் குடுக்க மட்டும்தான், ஸ்டார்ட்டருக்கு டேஷ்போர்ட்ல தனியா ஒரு குமிழ் இருக்கு, அத இழுக்கணும். குளிர்ல ஸ்டார்ட் ஆக பெட்ரோல கூட்டிக் குடுக்கிற சோக்கும் அதே மாதிரி இழுக்கிறதுதான், நம்ம பக்கத்து பனிக்கு காலையில முழுசா இழுத்துட்டு, இஞ்சின் சூடாக சூடாக கொஞ்சங்கொஞ்சமா உள்ள தள்ளணும். ஸ்பீட் மீட்டர் நடுவுல, அதுவும் மைல் கணக்கு, 30 காட்டினா கிட்டத்தட்ட 48 கிலோமீட்டர். இதெல்லாம் ஒரு கிழமையில பழகிரும்.

பழகாதது கியர். நாலு கியர்ல ரெண்டு, மூணு, நாலுக்கு சிங்க்ரோமெஷ் இருக்கு, அதாவது கியர் போடும்போது சுத்துற வேகத்த தானா சமப்படுத்துற அமைப்பு, ஒண்ணுக்கு அது இல்ல. கொழும்புல ஓட்டுறவங்களுக்கு இது பெரிய விஷயமில்ல, நின்ன பிறகுதானே ஒண்ணு போடப் போறாங்க. ஆனா 948 சிசி, 37 குதிரை சக்தி இஞ்சின் நாலு பேர ஏத்திக்கிட்டு றம்பொடை வளைவுல திணறும்போது, ஓடிக்கிட்டே ஒண்ணுக்கு எறங்கியே ஆகணும். ரெண்டாவது மாசம் அங்கதான் மாட்டினேன். முன்னால போன லொறி வளைவுலயே நின்னுருச்சு, நான் புது கார் பழக்கத்துல நேரா ஒண்ணுக்கு தள்ள, பல்லு நறநறன்னுச்சே தவிர கியர் விழல, வண்டி பின்னால உருள ஆரம்பிச்சிருச்சு, பின்னால ஸ்கூல் வேன் வேற, பின் சீட்டுல அம்மா. ஹேண்ட் பிரேக் நல்லா இருந்ததால தப்பினோம்.

அதுக்கப்புறம் தோட்டத்து லொறி ஓட்டின மாமாவ பக்கத்துல உக்கார வச்சு மூணு ஞாயித்துக்கிழமை பழகினேன். கிளச் மிதிச்சு நியூட்ரல், கிளச்ச விட்டுட்டு ஆக்சிலேட்டர ஒரு தட்டு, திரும்ப கிளச் மிதிச்சு ஒண்ணு. டபுள் கிளச்னு சொல்றது இதத்தான். "மருமகனே, கைய இறுக்காத, சத்தத்தக் கேளு"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. இஞ்சின் சத்தம் சரியா ஏறின அந்த நொடியில போட்டா கியர் தானா உள்ள போகுது, கைக்கு வேலையே இல்ல. இதுக்காகவே இந்தக் கார விக்க மாட்டேன்.

(இதையே கஷ்டம்னு நெனைக்கிறவங்க 1908ல இருந்து 1927 வரைக்கும் வந்த ஃபோர்ட் மாடல் டி பத்தி கேட்டுப் பாருங்க. அதுலயும் மூணு பெடல்தான், ஆனா வலது பக்கம் இருக்கிறது பிரேக், நடுவுல இருக்கிறது ரிவர்ஸ், ஆக்சிலேட்டர் கையில.)

ராத்திரி ஓட்டுறது தனிப் பாடம். லைட் டிம் பண்ற சுவிட்ச் தரையில, கிளச்சுக்கு இடப்பக்கம், இடது காலாலதான் அமுக்கணும். வளைவுல எதிர்ல பஸ் வந்தா அதே கால் கிளச்சையும் மிதிக்கணும், லைட்டையும் தணிக்கணும். ரெண்டையும் ஒண்ணா செய்ய முடியாது, அதனால வளைவுக்கு முன்னாலயே லைட்ட தணிச்சிட்டு பிறகு கியருக்குப் போறேன். திரும்புற சிக்னலும் அப்படித்தான், கதவுகளுக்கு நடுவுல இருந்து ஒரு சின்ன கை வெளிய வரும், பாக்க அவ்வளவு அழகு, ஆனா பகல்ல பஸ்காரங்க கண்ணுல படுறதே இல்ல. நான் கையையும் வெளிய நீட்டுறேன்.

பிரேக் நாலு சில்லுக்கும் டிரம், மிதிக்கிற பலத்த கூட்டிக் குடுக்கிற பூஸ்டர் கிடையாது, பலமா மிதிக்கணும். ரதல்ல குறுக்கு ரோடு மாதிரி எறக்கத்துல பிரேக்க பிடிச்சுக்கிட்டே வந்தா டிரம் சூடாகி பிடிப்பு போயிரும், ஏறும்போது எந்த கியரோ எறங்கும்போதும் அதே கியர். வாங்கின புதுசுல சர்வீஸ் குடுத்த இடத்துல பொனட்டுக்குள்ள மட்டும் பாத்துட்டு எல்லாம் சரின்னு அனுப்பிட்டாங்க, இதுல பிரேக் ஒயில் ஊத்துற இடம் டிரைவர் காலுக்கு அடியில, கார்பெட்ட தூக்கினாதான் தெரியும், நான் திறந்தப்போ பாதி கூட இல்ல. இது இன்னமும் எனக்கு கோபம்தான். கராஜ்ல சொன்னாலும் நீங்களே ஒருக்கா தூக்கிப் பாருங்க.

தினமும் அவசரமா வேலைக்கு ஓடுறவங்களுக்கு இது வேணாம். நேரம் எடுத்து பழக மனசுள்ளவங்க தாராளமா வாங்கலாம், பத்துக்கு எட்டு குடுப்பேன். பின் டிக்கியில ரெண்டு மரக்கட்டை மட்டும் எப்பவும் கிடக்கட்டும், ஏத்தத்துல நிறுத்தினா முதல்ல சில்லுக்கு கட்டை, பிறகுதான் ஆள எறக்கிறது.