மேப்பிள் நிழலுக்கு ஹோஸ்டாவா, ஹூக்கெராவா?

பின்வளவில் நோர்வே மேப்பிள் நிற்கும் வீட்டுக்காரருக்கு இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். ரொறன்ரோவின் பழைய தெருக்களில் இந்த மரம் ஏராளம். அடர்ந்த நிழல், மேலோட்டமாகப் படர்ந்த வேர், மழை பெய்தாலும் காய்ந்தே கிடக்கும் மண். தக்காளி, மிளகாய்க் கன்றை அங்கே நினைத்தும் பார்க்க வேண்டாம். இலை அழகுக்கு ஏதாவது வைக்கலாம் என்றால் பெரும்பாலும் போட்டிக்கு வருபவை ஹோஸ்டாவும் ஹூக்கெராவும்தான். நான் ஹோஸ்டா பக்கம் போனவன். இன்னும் அங்கேதான் நிற்கிறேன்.

நிறத்தில் ஹூக்கெரா வெல்லும். கருஞ்சிவப்பு, செம்பு, எலுமிச்சைப் பச்சை எல்லாம் அதில் உண்டு. பூ இரண்டிலும் சுமார்தான். ஹூக்கெரா வட அமெரிக்காவின் சொந்தச் செடி, ஹோஸ்டா ஜப்பான், கொரியா, சீனா பக்கத்தது. நானும் வந்து குடியேறியவன் என்பதால் அதை ஒரு குறையாக எடுக்கவில்லை.

முடிவைத் தீர்மானித்தது குளிர்காலம். ஹூக்கெராவின் அடித்தண்டு மண்மட்டத்தில் இருப்பது. வயது ஏற ஏற மேலே எழும்பும். மார்ச்சில் மண் பகலில் இளகி இரவில் உறையும்போது, செடியை வேரோடு மேலே தள்ளிவிடும். ஸ்நோ கரைந்தபின் போய்ப் பார்த்தால் வேர் வெளியே தெரியும். உடனே அமுக்கி மண் அணைக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளப்பி, கட்டைபோன பகுதியை வெட்டிவிட்டு ஆழமாக நட வேண்டும். மேப்பிள் வேருக்குள் தோண்டிப் பார்த்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஹோஸ்டாவுக்கு இந்தத் தலையிடி குறைவு. கடும் உறைபனி விழுந்ததும் இலை வாடிப் படுத்துவிடும், உயிர் மண்ணுக்குள் போய்விடும். ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ யாழ்ப்பாணத்துச் சுருட்டுப்போல இறுகச் சுருண்ட முளைகள் வெளியே வரும். அந்த நேரத்தில் கூட்டத்தைப் பிரித்து நட்டால் ஒன்று நாலாகும், காசில்லாமல். நட்ட முதல் இரண்டு கோடையும் தண்ணீர் மட்டும் தவறக் கூடாது.

பிரிக்கும்போது கத்தியைச் சுத்தமாக வைத்திருங்கள். ஹோஸ்டா வைரஸ் எக்ஸ் என்ற நோய் சாறு வழியாகப் பரவும், அதற்கு மருந்தே கிடையாது. இலை நரம்போரம் நிறம் கசிந்து பரவிய கன்றை யார் சும்மா தந்தாலும் வாங்காதீர்கள்.

சரி, நத்தை? ஓடில்லாத நத்தைகள் இரவோடிரவாக இலையைச் சல்லடையாக்கும், உண்மைதான். ஆனால் 'ஹால்சியன்', 'சம் அண்ட் சப்ஸ்டன்ஸ்' மாதிரித் தடித்த இலை வகைகளில் அதன் பல் அவ்வளவாக ஏறாது. ஹால்சியனின் நீலத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள், கீழே பச்சை தெரியும். நீலமாகக் காட்டுவது மேலே இருக்கும் மெழுகுப் படலம். வெயில் கூடினால் அது அழிந்துவிடும், ஆகவே மேப்பிள் நிழல் இதற்கு வாய்ப்பாகவே போயிற்று.

இரண்டு பேருக்கு மட்டும் ஹோஸ்டாவைச் சொல்ல மாட்டேன். இலை கடிக்கும் நாய், பூனை வைத்திருப்பவர்கள் ஒருவர். அவற்றுக்கு இது நஞ்சு. மற்றவர் ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபுறோவில், காடாகக் கிடக்கும் ரூஜ் பள்ளத்தாக்கை ஒட்டி இருப்பவர். எங்கள் தெருவுக்கு மான் வருவதில்லை; அங்கே வரும், வந்தால் ஹோஸ்டாவைத்தான் முதலில் தேடும். மானைச் சொல்லியும் குற்றமில்லை, ஜப்பானில் இதன் இளங்குருத்தை 'உருய்' என்று மனிதரே கறி சமைத்துச் சாப்பிடுகிறார்கள்.