மடக்கு லென்ஸும் தேக்கு அந்துப்பூச்சியும்

தேக்கு இலையைத் தின்று மரத்தை மொட்டையாக்கும் அந்துப்பூச்சியை இனங்காண வேண்டும் என்பதற்காக, 10 மடங்கு பெரிதாக்கும் மடக்கு லென்ஸ் ஒன்றை 900 ரூபாய் கொடுத்து ஏப்ரலில் வாங்கினேன். மூன்று கண்ணாடிகளைச் சேர்த்து ஒட்டிய வகை என்பதால் பார்க்கும் பொருளின் ஓரங்களில் நிறம் சிதறுவதில்லை.

பூச்சியை மட்டும் பார்க்க விரும்புவோருக்கு இது தேவையில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருள் இரண்டரை சென்டிமீட்டர் தொலைவில் இருந்தால்தான் தெளிவாகத் தெரியும். அவ்வளவு நெருங்கும்வரை எந்தப் பூச்சியும் காத்திருப்பதில்லை. தவிர, ஹைப்ளியா பியூரா என்னும் இந்தப் பூச்சி உட்கார்ந்தால், பழுப்பு முன்சிறகுகளை மூடிக்கொண்டு சருகோடு சருகாகிவிடுகிறது. கறுத்த பின்சிறகிலுள்ள ஆரஞ்சுத் திட்டுகளே அதன் அடையாளம். கண்ணாடிக் குப்பியில் பிடித்து, சிறகை விரிக்கும்போது வெறுங்கண்ணால் பார்த்தாலே போதும்.

கொடுத்த காசு தளிரில்தான் திரும்பக் கிடைத்தது. கோடை மழைக்குப் பின் துளிர்த்த இலையைத் திருப்பி நரம்போரமாகப் பார்த்தபோது, தூசி என்று நான் நினைத்திருந்தவை, தட்டையான வெண்ணிற நீள்வட்ட முட்டைகளாகத் தனித்தனியே ஒட்டியிருந்தன. பொரித்த புழு முதலில் இலைப்பரப்பைச் சுரண்டுகிறது. புழு தோலுரித்துத் தோலுரித்து வளரும் ஒவ்வொரு கட்டமும் ஒரு பருவம்; மூன்றாம் பருவத்திலிருந்து இலையோரத்தை வெட்டி மடித்து, பட்டிழையால் கட்டி, அந்த மடிப்புக்குள் ஒளிந்தபடி தின்கிறது. ஐந்து பருவங்கள் முடிந்ததும் தரைக்கு இறங்கிச் சருகுக்கடியில் கூட்டுப்புழுவாகிறது. வெயில் காலத்தில் இவ்வளவும் ஏறக்குறைய மூன்றே வாரத்தில் முடிந்துவிடுவதால், வாரம் ஒருமுறை தோப்புக்குப் போகிறவர் பாதியைத் தவறவிடுவார்; முதல் முறை நானும் தவறவிட்டேன்.

சிறு நரம்புகள்கூட வலைபோல் மிஞ்சியிருக்கும் இலை கிடைத்தால், அது வேறொரு சிறிய அந்துப்பூச்சியின் வேலை. ஹைப்ளியா புழு பெருநரம்புகளை மட்டுமே விட்டுவைக்கும். இதற்கும் லென்ஸ் தேவையில்லை.

குறை என்றால், மடக்கும் இடத்திலுள்ள திருகு ஒரே மாதத்தில் தளர்ந்துவிட்டது. கழுத்தில் மாட்டக் கயிறும் தரவில்லை. 20 மடங்கு லென்ஸைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினால் வாங்க வேண்டாம்: பார்வைப் பரப்பு குறுகி, தொலைவும் பாதியாகிவிடுவதால், காற்றில் ஆடும் இலையில் அதைக் கொண்டு முட்டையைத் தேடிப் பிடிப்பது கடினம்.