பச்சைக் கோடு அசைகிறதா? ஊமையாகும் கணினியோடு சில ஆண்டுகள்

எங்கள் வீட்டு மேசைக் கணினியில் தனி சவுண்ட் கார்டு கிடையாது. மதர்போர்டிலேயே பதித்த ஒலிச் சில்லு, பின்புறப் பச்சைத் துளையில் சொருகிய ஒரு ஜோடி ஸ்பீக்கர், அவ்வளவுதான். பல ஆண்டுகளாகப் பாட்டுக்கும் பாடத்துக்கும் இதுவே போதும். ஒலித்தரத்தில் எனக்குக் குறையில்லை. என்ன, அவ்வப்போது வாய் மூடிக்கொள்ளும்.

சத்தம் நின்றால் டிரைவரை, அதாவது ஒலிச் சில்லை இயக்கும் மென்பொருளை, நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொல்வார்கள். அந்த வைத்தியத்தை நான் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். ஒரு பாட்டை ஓடவிட்டு, விண்டோஸ் கன்ட்ரோல் பேனலின் சவுண்ட் பகுதியில் பிளேபேக் பட்டியலைத் திறப்பேன். ஒலி எந்தக் கருவிக்குப் போகிறதோ அதன் பக்கத்தில் பச்சைக் கோடு ஏறி இறங்கும். ஸ்பீக்கருக்கு நேரே அசைந்தால் பெரும்பாலும் கணினிமேல் பழியில்லை. ஒயரையும் ஸ்பீக்கரின் மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். எங்குமே அசையாவிட்டால், ஒவ்வொரு செயலியின் ஒலி அளவையும் தனித்தனியே காட்டும் வால்யூம் மிக்சரில் பாட்டு ஓடும் செயலி மட்டும் மௌனமாக்கப்பட்டிருக்கலாம். பட்டியலில் ஸ்பீக்கரே இல்லாதபோதுதான் டிரைவர் பக்கம் போவேன்.

என் அனுபவத்தில் அதிகம் அலைக்கழித்தது மானிட்டர். எச்.டி.எம்.ஐ. கேபிள் படத்தோடு ஒலியையும் சுமக்கும். கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தால், சில வேளை மானிட்டரே இயல்பு ஒலிக்கருவியாக உட்கார்ந்துகொள்ளும். எங்கள் மானிட்டரில் ஸ்பீக்கரே இல்லை! பச்சைக் கோடு என்னவோ உற்சாகமாக ஆடிக்கொண்டிருக்கும். பட்டியலில் மானிட்டரை முடக்கிவைத்தால் தீர்ந்தது. தானியங்கிப் பழுதுகாணும் கருவியை இந்தச் சமயத்தில் ஓடவிட்டால், எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விடும். அதை நம்பி எனக்கு இதுவரை ஒரு பயனும் இல்லை.

இன்னொன்று, பெட்டியின் முன்பக்க ஹெட்போன் துளை. உள்ளே, ஹெட்போன் பின் (pin) நுழைந்ததைக் கணினிக்கு உணர்த்தும் மெல்லிய உலோகத் தகடு ஒன்று உண்டு. நாளடைவில் அது தளர்ந்து ஒட்டிக்கொண்டால், ஹெட்போனைக் கழற்றிய பிறகும் செருகியிருப்பதாகவே கணினி எண்ணும். பின்பக்க ஸ்பீக்கர் அடங்கிவிடும். பின்னைச் சில தடவை செருகி எடுத்தால் தகடு விடுபடும். மறுநாளே மீண்டும் ஒட்டும். கடைசியில் மின்சாரத்தைத் துண்டித்து, முன்பக்கத் துளையிலிருந்து மதர்போர்டுக்கு வரும் ஒன்பது ஊசி இணைப்பைக் கழற்றிவிட்டேன். அதன் பிறகு அந்தத் தொல்லை இல்லை.

இப்போது ஹெட்போனுக்குச் சிறிய யு.எஸ்.பி. ஒலி அடாப்டர் வைத்திருக்கிறேன். அதற்கென்று தனிச் சில்லு இருப்பதால் சோதனைக்கும் உதவுகிறது: இதில் சத்தம் வந்து பச்சைத் துளையில் வராவிட்டால், குறை மதர்போர்டுச் சில்லிலோ, அதன் டிரைவரிலோ, துளையிலோ இருக்கிறது. மைக் பக்கம் மட்டும் லேசான இரைச்சல். பேச்சுக்குப் பரவாயில்லை, பாட்டுப் பதிவுக்கு ஆகாது.