ஆண்டின் இண்டி பாடல்களைச் சேர்த்து வைக்க பேண்ட்கேம்ப்: எது நன்று, எங்கே கவனம்

டிசம்பரில் ‘இந்த ஆண்டின் இண்டி பாடல்கள்’ என்று பட்டியல் போட உட்காரும்போதுதான் தெரியவரும்: மார்ச்சில் பிளேலிஸ்டில் சேர்த்த பாட்டு சாம்பல் நிறமாகி, தொட்டால் ஓடாமல் கிடக்கும். பெரிய நிறுவனங்களின் பாடல்களில் இது அபூர்வம். சொந்தக் காசில் பாட்டு வெளியிடுகிற இண்டி கலைஞர்கள் நிலை வேறு. பாட்டை ஸ்ட்ரீமிங் ஆப்களில் ஏற்றித் தரும் விநியோகச் சேவைக்கு ஆண்டுச் சந்தா கட்டத் தவறினாலோ, வேறு சேவைக்கு மாறினாலோ பாட்டு ஸ்ட்ரீமிங்கிலிருந்து இறங்கிவிடலாம். திரும்பப் புதுப் பதிவாக ஏறினால் பழைய பிளேலிஸ்ட் அதைக் கண்டுகொள்ளாது. அதனால் இண்டி பட்டியல் போடுகிறவர்கள் பாட்டை ஃபைலாகக் கையில் வைத்திருப்பதுதான் சரி. அதற்கு இன்றிருக்கும் இணைய இசைக் கடைகளில் பேண்ட்கேம்ப் முதலிடத்துக்குரியது.

2008இல் தொடங்கிய கடை. 2022இல் வீடியோ கேம் நிறுவனமான எபிக் கேம்ஸ் வாங்கியது, அடுத்த ஆண்டே இசை உரிமம் விற்கும் சாங்ட்ரேடர் கைக்குப் போனது. அந்தக் கைமாற்றத்தில் ஊழியர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வேலை இழந்தார்கள். வாங்குகிறவர்களுக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது. வாங்கிய பாட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் இப்படிக் கைமாறுகிற கடையை நம்பி ‘அங்கேயே இருக்கும், பிறகு எடுத்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவைக்கக் கூடாது. காசு கட்டிய அன்றே ஃபைலை இறக்கி, இன்னொரு டிஸ்க்கிலும் ஒரு நகல் போட்டுவிட வேண்டும்.

பணக் கணக்கு தெளிவாக இருக்கிறது. டிஜிட்டல் விற்பனையில் கடையின் பங்கு 15%, வினைல், கேசட், டி-ஷர்ட் போன்ற பொருள்களில் 10%. பணம் செலுத்தும் சேவையின் பிடித்தம் தனி. எல்லாம் போக, சராசரியாக 82% பாடியவர் பக்கம் போகிறது என்று பேண்ட்கேம்ப் சொல்கிறது. 2020 மார்ச் 20 அன்று தொடங்கிய ‘பேண்ட்கேம்ப் வெள்ளி’ நாள்களில் கடை தன் பங்கை முழுதாக விட்டுக்கொடுக்கும். ஆண்டில் சில வெள்ளிகள்தான் அப்படி. அந்த நாள் அமெரிக்காவின் பசிபிக் நேரப்படி நள்ளிரவில் தொடங்கி நள்ளிரவில் முடியும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆண்டு முழுக்கப் பிடித்ததையெல்லாம் விஷ்லிஸ்டில் போட்டுவைத்து அன்றைக்கு வாங்குவது நல்ல பழக்கம். ஒரே கலைஞரின் மூன்று பாட்டு வேண்டுமென்றால் தனித்தனியாக வாங்காமல் ஒரே கூடையில் வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் கழிகிற நிலையான பிடித்தம் ஒருமுறையோடு போகும்.

ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு ராயல்டி கிடையாது. நம் பட்டியலில் உள்ள இண்டி பாடல்களில் பல அந்த வரம்பைச் சுற்றியே நிற்பவை. அப்படிப்பட்ட பாட்டை ஒருமுறை காசு கொடுத்து வாங்குவதன் எடை பாடியவருக்குத்தான் தெரியும்.

இனி ஒலி. பேண்ட்கேம்ப் தளத்தில் இலவசமாகக் கேட்கும்போது வருவது 128 கேபிபிஎஸ் எம்பி3, அதாவது நொடிக்கு 128 கிலோபிட் மட்டுமே செலவிடும் சுருக்கிய வடிவம். அதை வைத்துப் பாட்டை எடைபோடக் கூடாது. வீட்டு அறையில் பதிவு செய்த இண்டி பாடல்களை இந்தத் தரம் இன்னும் அதிகமாகக் கெடுக்கும். காரணம் எளிது. டேப் இரைச்சல், அறையின் மெல்லிய ஓசை ஆகியவற்றில் ஒழுங்கு எதுவும் இல்லாததால் அவற்றைச் சுருக்குவது கடினம். இருக்கிற கொஞ்சம் பிட்டுகளையும் இரைச்சல் தின்றுவிட, குரலுக்கும் சிம்பலுக்கும் மிச்சம் கிடைப்பதில்லை. சிம்பல் தண்ணீருக்குள் அடிப்பதுபோலக் கேட்டால், அது கலைஞரின் தவறு என்று முடிவு கட்டாதீர்கள்.

இறக்கும்போது வடிவத்தை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். பார்க்காமல் அழுத்தினால் எம்பி3 வந்து நிற்கும். நான்கு நிமிடப் பாட்டு ஒன்று, சுருக்காத வேவ் வடிவில் ஏறக்குறைய 40 மெகாபைட், ஃப்ளாக்கில் 25 முதல் 30, 320 கேபிபிஎஸ் எம்பி3யில் 10 மெகாபைட்டுக்குச் சற்றுக் கீழே. ஃப்ளாக்கை எடுங்கள். அதில் ஒலி எதுவும் இழக்கப்படாது. போனுக்கு எம்பி3 தேவைப்பட்டால் பிறகு அதிலிருந்தே செய்துகொள்ளலாம். வேவ் வேண்டாம், இடத்தை அடைக்கும், பெயர், படம் போன்ற விவரங்களையும் சரியாகத் தாங்காது.

கடை கலைஞரிடமிருந்து வேவ், அதைப் போலவே சுருக்காத ஏஐஎஃப்எஃப், ஃப்ளாக் ஆகியவற்றைத்தான் வாங்குகிறது. ஆனாலும் எம்பி3யை வேவாக மாற்றி ஏற்றினால் அதைத் தடுக்க வழியில்லை. சந்தேகம் வந்தால், ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற இலவச நிரலில் ஃபைலைத் திறந்து பாருங்கள். படத்தின் மேற்பகுதி 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல நேர்கோடாக நின்றால், பெரும்பாலும் மூலமே 128 கேபிபிஎஸ்தான். சீராகத் தேய்ந்து மறைந்தால் கவலையில்லை. பழைய மைக்கிலும் டேப்பிலும் அப்படித்தான் வரும்.

பட்டியல் போடுகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் ஒலியளவு. ஸ்ட்ரீமிங் ஆப்கள் பாட்டுகளின் சத்தத்தை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும். பேண்ட்கேம்ப் அதைச் செய்வதில்லை. தன் கையாலேயே மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியை இறுதியாகச் சீர்செய்வது) செய்த மென்மையான கிட்டார் பாட்டுக்கும், இறுக்கி அடித்த சின்த் பாட்டுக்கும் 8 டெசிபல் வரை வித்தியாசம் வரலாம். சத்தமாக ஒலிப்பதையே காது ‘நல்ல பாட்டு’ என்று எடுத்துக்கொள்ளும். 1 டெசிபல் வித்தியாசம் போதும், முடிவு மாறிவிடும். இதற்கு ஃபூபார்2000 என்ற பிளேயர் நிரல் போதும். எல்லாப் பாட்டையும் தேர்ந்து, வலது கிளிக் செய்து, சத்தத்தை மட்டப்படுத்தும் வசதியான ரீப்ளேகெயினில் ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியாக அளக்கும் வழியைக் கொடுங்கள். பிறகு பிளேபேக் அமைப்பில் ‘டிராக்’ முறையை வையுங்கள். ‘ஆல்பம்’ முறையை வைத்தால் ஆல்பத்துக்குள் இருக்கும் சத்த ஏற்றத்தாழ்வு அப்படியே நிற்கும். முழு ஆல்பம் கேட்க அதுதான் சரி, பல இடங்களிலிருந்து பொறுக்கிய பட்டியலுக்கு உதவாது. இந்த அளவீடு குறிப்பாக மட்டுமே ஃபைலில் பதிவாகும், ஒலியைத் தொடாது. மட்டப்படுத்திய பிறகு கலைத்துப்போட்டுக் கேட்டால், முதல் ஐந்தில் இருந்த ஒன்றிரண்டு இறங்குவதும் கவனிக்காமல் விட்ட ஒன்று மேலே வருவதும் சகஜம்.

விவரக் குறிப்புகளைக் கொஞ்சம் துடைக்க வேண்டியிருக்கும். தொகுப்பு ஆல்பங்களில் கலைஞர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் லேபிளின் (ஆல்பத்தை வெளியிட்ட நிறுவனத்தின்) பெயரும், பாட்டின் தலைப்புக்குள் கலைஞர் பெயரும் வந்து கிடக்கும். எம்பி3டேக் நிரலில் ஒரே நடையில் பிரித்துவிடலாம். கமென்ட் பகுதியில் அந்தக் கலைஞரின் பக்க முகவரி இருக்கும். அதை அழிக்காதீர்கள், பாட்டு எங்கே வாங்கியது என்பதற்கு அதுவே சாட்சி.

புதுப் பாட்டு தேட, தேடல் பெட்டியை நம்பிப் பயனில்லை. ‘இண்டி’ என்ற குறிச்சொல்லை எல்லோரும் போடுகிறார்கள். இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: பிடித்த ஆல்பத்தின் கீழே அதை வாங்கியவர்களின் சிறு படங்கள் வரிசையாக இருக்கும். ஒன்றை அழுத்தினால் அவர் காசு கொடுத்து வாங்கிய மொத்தத் தொகுப்பும் திறக்கும். இரண்டு மூன்று பேரின் தொகுப்பில் ஒரே பெயர் திரும்ப வந்தால் அதைக் கேட்டே ஆக வேண்டும். முழுக்கவோ பெரும்பகுதியோ ஏஐ உருவாக்கிய இசைக்கு இடமில்லை என்று 2026 ஜனவரியில் பேண்ட்கேம்ப் அறிவித்தது இந்தத் தேடலுக்குப் பெரிய நிம்மதி.

குறை என்று பார்த்தால் முதலாவது, ஒரு பாட்டைத் தனியாக வாங்கிவிட்டுப் பிறகு ஆல்பத்தை வாங்கினால் முன்பு கொடுத்த காசு கழிக்கப்படுவதில்லை. மூன்று பாட்டுக்கு மேல் பிடிக்கும் என்று தோன்றினால் முதலிலேயே ஆல்பமாக எடுங்கள். சில கலைஞர்கள் சில பாட்டுகளைத் தனியாக விற்பதும் இல்லை.

இரண்டாவது, தேதி. வெளியீட்டு நாளைக் கலைஞரே நிரப்புகிறார். பழைய பாட்டைப் புதிதாக ஏற்றினால் இந்த ஆண்டு என்றே காட்டலாம். ஆல்பப் பக்கத்தின் அடியில் உள்ள வெளியீட்டு வரியைப் பார்த்துவிட்டு, அதே கலைஞரின் பக்கத்தில் அந்தப் பாட்டு முன்பே சிங்கிளாக (தனிப்பாட்டு வெளியீடாக) இருக்கிறதா என்று ஒருமுறை மேலே ஓட்டிப் பாருங்கள். இந்த ஆண்டு ஆல்பத்தின் மிகச் சிறந்த பாட்டு போன அக்டோபரிலேயே சிங்கிளாக வந்திருந்தால், அது போன ஆண்டுப் பட்டியலில் இருந்திருக்க வேண்டியது.